ஏழாவது வரி

மார்ச் 3, செவ்வாய்
பெறுநர்: ‘கண்ணாடி’, உதவிக் குழு வழியாக

இன்று மார்ச் 3, காலை மணி 7.40. ‘படம் சரியாக வரவில்லை, உதவவும்’ என்ற கேள்வி இந்த ஆண்டில் இந்தக் குழுவுக்கு வருவது பதினோராவது முறை. பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன்.

சரியாக வரவில்லை என்றால் என்ன? திரை கறுப்பாக இருக்கிறதா? புரதமே தெரியவில்லையா? தெரிகிறது, ஆனால் நிறம் பிடிக்கவில்லையா? டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், அவர் எதற்கு ஊசி போடுவார்?

இந்தக் குழுவில் பதில் எழுதும் யாருக்கும் சம்பளம் கிடையாது. மூலக்கூறுகளைத் திரையில் சுற்றிக் காட்டும் ஒரு மென்பொருளை நாங்களும் பயன்படுத்துகிறோம், கற்றதை விக்கி என்ற பொது இணையக் கையேட்டில் எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். கேள்வி கேட்கும் முறை அந்த விக்கியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. என்ன கட்டளை கொடுத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, மென்பொருளின் எந்தப் பதிப்பு. நாலே விஷயம். புரதத்தில் மருந்து உட்காரும் குழியைப் படமாக்க ஸ்கிரிப்ட்டும் அங்கேயே இருக்கிறது. நான் எழுதியது. பன்னிரண்டு வரி. நகலெடுங்கள், ஒட்டுங்கள், ஓட்டுங்கள். இதற்கு மேல் சுலபமாக்க வேண்டுமென்றால் நான் வீட்டுக்கு வந்துதான் பட்டனை அமுக்க வேண்டும்.

இதை எழுதி முடிப்பதற்குள் என் பஸ் போய்விட்டது.

குறடு

மார்ச் 4, புதன்

அன்புள்ள தம்பி,

பஸ் போனதற்கு வருந்துகிறேன். வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்குவதாகச் சொன்னாயே, வா. வந்து வெகுநாள் ஆகிறது. கண்ணாடி என்பது நான்தான். உன் அண்ணி.

தண்ணீர் குடித்துவிட்டாயா? சரி, மேலே படி.

‘குறடு’ யார் என்று எனக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் கல்யாணத்தில் போட்டோ எடுப்பவர் “கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க தம்பி” என்றபோது, “எந்தப் பக்கம், எவ்வளவு, அத முதல்ல சொல்லுங்க” என்று அவரோடு மல்லுக்கு நின்ற ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருக்க முடியும்.

உன்னிடமே நேராகக் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்கலாம் என்றுதான் இருந்தேன். உன் அண்ணன்தான் தடுத்தார். “அவன்கிட்ட போகாத. தெரியாதுன்னு சொல்லி வாய மூடுறதுக்குள்ள கடிச்சு வெச்சுடுவான். நெட்ல குழு எல்லாம் இருக்காமே, நாலு நல்லவங்க இருப்பாங்க, அங்க கேளு” என்றார். நாலு நல்லவர்களைத் தேடிப் போனேன். வாசலிலேயே நீ உட்கார்ந்திருக்கிறாய்.

விஷயம் இதுதான். ஐந்து வருடம் கழித்து மறுபடி ஆய்வகத்துக்குப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். கொடுத்திருப்பது ஆறு மாத நாற்காலி. இந்த மாதம் 20-ஆம் தேதி இயக்குநர் முன்னால் நாங்கள் ஆராயும் புரதத்தைப் பற்றி நான் பேச வேண்டும். பேச்சு நன்றாக இருந்தால் நாற்காலி நிலைக்கும். இல்லையென்றால், மரியாதையாகக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். நான் வேலையை விட்டபோது மென்பொருளில் பட்டன்கள் இருந்தன, அமுக்கினால் படம் வந்தது. இப்போது எல்லாரும் ஸ்கிரிப்ட் என்கிறார்கள். கேட்டால் ‘விக்கில இருக்குமே’ என்கிறார்கள். ஆமாம், இருக்கிறது. சமையலே தெரியாதவளிடம் ‘தாளித்து இறக்கவும்’ என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் கேட்ட பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்று குழுவில் தேடிப் பார்த்தேன். இரண்டு பேர் திருத்தி மறுபடி கேட்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

இனி, முதல் பக்கத்தில் சொன்னபடி: உன் பன்னிரண்டு வரியையும் அப்படியே ஒட்டினேன். குழிக்குள் மருந்து உட்கார்ந்திருப்பது தெரியும் என்று எதிர்பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஓர் உருளைக்கிழங்கு வந்தது. பதிப்பு எண் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கடிக்காதே.

அண்ணி

மார்ச் 5, வியாழன்

அண்ணி,

நீங்கள் என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன் என்று முதலில் எழுதினேன். அழித்துவிட்டேன், பொய். இதையேதான் எழுதியிருப்பேன். முன்னால் ‘அண்ணி’ என்று சேர்த்திருப்பேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார். “என்னடா, பரிட்சையில பெயிலானவன் மாதிரி மூஞ்சி?” என்றார். சொன்னேன். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “வேணும்டா உனக்கு. இன்னும் ரெண்டு போடச் சொல்லு அவள” என்றார். இந்த வீட்டில் எனக்கு ஆதரவு இவ்வளவுதான்.

அந்த எட்டுப் பேர் விஷயம். பேசாமல் இருப்பது அவர்கள் இஷ்டம். நான் யார் வாயையும் தைக்கவில்லை.

வேலைக்கு வருகிறேன். பதிப்பு எண் ‘உதவி’ மெனுவில் கடைசி வரியில் இருக்கும். உருளைக்கிழங்கு வந்ததற்குக் காரணம், புரதத்தின் மேற்பரப்பு மருந்தையும் சேர்த்துப் போர்வை போல மூடிவிட்டது. பன்னிரண்டையும் மொத்தமாக ஒட்டச் சொன்னது நான்தான். அதை மறந்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் என்பது வரிசையாக எழுதிய உத்தரவுகள், வேறொன்றும் இல்லை. மென்பொருளுக்கு மனசு புரியாது. சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததைச் செய்யாது, முறைத்தும் பார்க்காது. ஆகவே ஒரு வரியை மட்டும் கொடுங்கள். திரையைப் பாருங்கள். என்ன மாறியது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் மட்டும் அடுத்த வரி. சொல்ல முடியவில்லை என்றால் எந்த வரி என்று எனக்கு எழுதுங்கள்.

போன் பண்ண வேண்டாம். போனில் கட்டளையை எழுத்துக்கூட்டிச் சொல்லி, நீங்கள் அங்கே புள்ளியை விட்டு, நான் இங்கே கத்தி, அம்மா போனைப் பிடுங்கி... எழுத்தே நல்லது.

குறடு
(‘தம்பி’ என்று போட்டிருக்க வேண்டும். கை பழக்கம்.)

மார்ச் 8, ஞாயிறு

அன்புள்ள தம்பி,

நேற்று ஆய்வகத்தில் எங்கள் அறையில் யாருமில்லை. நீ சொன்னபடி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். தரை துடைக்க வந்த பணிப்பெண், நான் யாரோடு பேசுகிறேன் என்று மேசைக்குக் கீழே வரை குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

முதல் வரி, கோப்பு திறந்தது. இரண்டாவது வரி, பின்னணி வெள்ளையானது. மூன்றாவது வரி கொடுத்தபோது முள் முள்ளாக இருந்த அத்தனையும் மறைந்து, ரிப்பன் சுற்றி வைத்த மாதிரி புரதம் எழுந்து நின்றது பார், நான் கை தட்டிவிட்டேன். ஐந்து வருடமாக நான் பார்க்காத முகம் அது. அதைச் சுட்டியால் பிடித்து இப்படியும் அப்படியும் சுற்றிக்கொண்டே இருந்தேன். நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று இப்போது என்னால் சொல்ல முடியும். உன் ஸ்கிரிப்ட் நன்றாகத்தான் இருக்கிறது. நீதான் அதை ஒரு விளக்கமும் இல்லாமல் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுக்கிறாய்.

எதற்காக இந்தப் படம் என்று உனக்குச் சொல்லவில்லையே. எங்கள் குழுவில் ஒரு வேதியியல்காரர் இருக்கிறார். நல்ல மனிதர், எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனா. புரதத்தின் குழிக்குள் உட்காரும் மருந்தை அவர்தான் செய்கிறார். ஒரு வருடமாக அந்த மருந்தின் ஒரு முனையில் அணுக்களைச் சேர்த்துச் சேர்த்து வால் நீட்டிக்கொண்டிருக்கிறார். “இங்க பாருங்கம்மா, குழியோட வாய்க்கு வெளிய வெறும் வெட்டவெளி. வால எவ்வளவு நீட்டினாலும் கேக்க ஆளில்ல” என்று சுவரில் ஒட்டியிருக்கும் பழைய படத்தைக் காட்டினார். ஆனால் வால் நீள நீள மருந்து ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. 20-ஆம் தேதி நான் பேச வேண்டியது அந்தக் குழியைப் பற்றித்தான்.

இப்போது பிரச்சினை. ஏழாவது வரி கொடுத்தேன். புரதத்தில் பாதி காணாமல் போய்விட்டது. ஓரம் கீரம் இல்லை, சரிபாதி. அடித்து அடித்துப் பார்த்தேன், மூன்று தடவையும் போகிறது. நான் எதையாவது உடைத்துவிட்டேனா?

அண்ணி

மார்ச் 9, திங்கள்

அண்ணி,

உடைக்கவில்லை. அது அப்படித்தான்.

புரதத்தைப் படிகமாக்கிப் படம் பிடிக்கும்போது ஒரே புரதம் இரண்டு மூன்று பிரதியாக அடுக்கி நிற்கும். கோப்பில் எல்லாமே வரும். A என்று ஒன்று, B என்று ஒன்று. இரண்டும் ஒரே ஆள். ஒரே ஆளின் போட்டோவை இரண்டு முறை பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? அதனால் ஏழாவது வரி A-யை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிறது.

எட்டாவது வரிக்குப் போங்கள். தேதி நெருங்குகிறது.

தம்பி

மார்ச் 11, புதன்

அன்புள்ள தம்பி,

எட்டாவது வரிக்குப் போகவில்லை. என்ன மாறியது என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தால்தான் அடுத்த வரி என்று சொன்னது நீ. ‘ஒரே ஆளின் இரண்டாவது போட்டோ போனது’ என்று சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை.

ஆகவே ஏழாவது வரியையும், போர்வை மூடும் கடைசி வரியையும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கொடுத்தேன். A-யும் B-யும் இரண்டும் திரையில் இருந்தன. மருந்தை மஞ்சளாக்கி, கிட்டே போய்ப் பார்த்தேன். A-வின் குழிக்குள் மருந்து இருக்கிறது, சரி. ஆனால் குழியின் வாய்க்கு நேரே வெட்டவெளி இல்லை தம்பி. B நிற்கிறது. பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி, ஜன்னலை ஒட்டி.

தற்செயலாக அடுக்கி நிற்கிற பிரதி இவ்வளவு நெருக்கமாகக் கைகோத்துக்கொண்டா நிற்கும்? அதனால் இந்தப் புரதத்தைப் பற்றிப் பழைய கட்டுரைகளை எடுத்துப் படித்தேன். இது தனியாள் இல்லை. ஜோடியாக இருந்தால்தான் வேலையே செய்யும். நீ சொல்வது, கத்தரிக்கோலைப் பிரித்து ஒரு அலகை எடுத்து வீசிவிட்டு, ‘இரண்டும் ஒரே மாதிரிதானே, ஒன்று போதும்’ என்பது போல இருக்கிறது. ஒரு அலகை மட்டும் பார்ப்பவனுக்கு வெட்டும் ஓரம் வெட்டவெளியில் இருப்பதாகத்தான் தெரியும்.

எனக்கு அளக்கத் தெரியவில்லை. கோப்பையும், வேதியியல்காரர் செய்த நீள வால் மருந்தின் வரைபடத்தையும் இதோடு அனுப்புகிறேன். மருந்துக்கும் B-க்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்து சொல். கொடுத்த கட்டளை, எதிர்பார்த்தது, வந்தது எல்லாம் கீழே இருக்கிறது. பதிப்பு எண்ணும் கண்டுபிடித்துவிட்டேன்.

தப்பு என் பேரிலா, உன் வரியிலா? அதை மட்டும் சொல்.

அண்ணி

மார்ச் 12, வியாழன்

அண்ணி,

என் வரியில்.

அளந்தேன். மருந்துக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே இன்னோர் அணு நுழைய இடமில்லை. பிறகு உங்கள் வேதியியல்காரரின் நீள வாலை ஒட்டிப் பார்த்தேன். நேராகச் சுவருக்குள் போகிறது. அவர் மருந்து ஒட்டாததற்குக் காரணம் மருந்தில் இல்லை. ஆள் இல்லாத வெளி என்று நினைத்து அவர் நீட்டிய இடத்தில் ஆள் இருக்கிறது.

எப்படி நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நான் படிக்கும்போது வேலை பார்த்த புரதம் தனியாள். கோப்பில் வரும் மற்ற பிரதிகள் எனக்குத் தொந்தரவு. என் வேலைக்கு ஒரு வரி எழுதினேன். பிறகு ஸ்கிரிப்ட்டை விக்கியில் போட்டபோது அந்த வரியும் கூடவே போய்விட்டது. ஒரு குறிப்புக்கூட எழுதவில்லை. ‘நகலெடு, ஒட்டு, ஓட்டு.’ ஒட்டினார்கள், ஓட்டினார்கள். உங்கள் ஆய்வகச் சுவரில் இருக்கும் பழைய படம் எப்படி வந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன்.

20-ஆம் தேதி இரண்டு படம் காட்டுங்கள். B இல்லாமல் ஒன்று, B-யோடு ஒன்று. சொல்லிவிட்டு உட்காருங்கள். ஐந்து நிமிட வேலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தம்பி

மார்ச் 14, சனி

தம்பி,

யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறாய்.

கேட்டுப் பார்த்தேன். நீ நினைத்ததுதான். அந்தப் படத்தை முன்பு எங்கள் ஆய்வகத்தில் இருந்த ஒரு மாணவன் உன் ஸ்கிரிப்ட்டை வைத்துச் செய்திருக்கிறான். அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். படம் சுவரில் இருக்கிறது. அதை நம்பி வேதியியல்காரர் ஒரு வருடம் உழைத்திருக்கிறார். அதே படத்தை இயக்குநர் தன் கையால் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார். இப்போது நான், ஆறு மாத நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருப்பவள், எழுந்து நின்று, ‘நீங்கள் எல்லாரும் அரைக் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்’ என்று சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். அதற்கப்புறம் நான் எங்கே போவது?

உனக்கு இது புரியாது. நீ போட்டு உடைத்தால் ‘அவன் அப்படித்தான், கெட்டிக்காரன்’ என்பார்கள். நான் உடைத்தால், ‘அஞ்சு வருஷம் வீட்ல இருந்துட்டு வந்து நமக்கே பாடம் எடுக்குறா’ என்பார்கள். காதில் விழும்படியே சொல்வார்கள்.

உன் அண்ணனிடம் சொன்னேன். “இருக்குற படத்தையே காட்டிட்டு வந்துடு. நாற்காலி கிடைக்கட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்” என்றார். “அதுவரைக்கும் அவர் சுவத்துலயே முட்டிக்கிட்டு இருக்கட்டுமா?” என்று கேட்டேன். “அவரு முட்டுறது உனக்கு என்ன வலிக்குது?” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சு, சாவி எங்கே, துண்டு எங்கே என்ற அளவில் நடக்கிறது.

கோபம் ஏன் வந்தது தெரியுமா? நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்கான பக்கங்களில் இப்போதைக்குப் பழைய படத்தைத்தான் வைத்திருக்கிறேன்.

திட்டி எழுதாதே. இந்த ஒரு தடவை.

அண்ணி

மார்ச் 16, திங்கள்

அண்ணி,

திட்டவில்லை. எனக்கு உண்மையிலேயே புரிந்திருக்கவில்லை. ஆபீஸில் எனக்கு எதிரே ஒரு பெண் உட்கார்கிறாள், சேர்ந்து நாலு மாதம். கூட்டத்தில் அவள் ஏன் எதுவுமே சொல்வதில்லை என்று எரிச்சல் படுவேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இன்று அவளிடம், “என் கணக்குல ஏதாவது தப்பு இருக்குற மாதிரி உங்களுக்குத் தோணுதா?” என்று கேட்டேன். மூன்று தப்பு காட்டினாள். அது வேறு கதை.

இன்று காலை உதவிக் குழுவுக்கு நான் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்.

‘குழியைப் படமாக்கும் ஸ்கிரிப்ட்டின் ஏழாவது வரி தப்பு. அதை எழுதியவன் நான். அது ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும். உங்கள் புரதம் ஜோடியாகவோ கூட்டமாகவோ வேலை செய்வது என்றால், நீங்கள் பார்ப்பது அரைகுறைப் படம். குழிக்கு வெளியே வெட்டவெளி இருப்பதுபோலத் தெரியும், இருக்காது. இந்த ஸ்கிரிப்ட்டால் செய்த எல்லாப் படங்களையும் மறுபடி பாருங்கள். இதை நகலெடுத்தவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. படிக்காமல் நகலெடுக்கச் சொன்னது நான். தப்பைக் கண்டுபிடித்தவர் நம் குழுவின் புது உறுப்பினர் கண்ணாடி. நான் பதிலுக்குக் கடித்தும், விடாமல் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தவர்.’

உங்கள் ஆய்வகத்தின் பெயரோ புரதத்தின் பெயரோ அதில் இல்லை. ஆனால் இது இப்போது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஊரெல்லாம் ஏமாந்திருக்கிறது, உங்கள் ஆட்கள் மட்டும் இல்லை. நீங்கள் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. ‘இந்த ஸ்கிரிப்ட்டை எழுதியவனே தப்பு என்று எழுதியிருக்கிறான்’ என்று என்னைக் காட்டுங்கள். அந்த அறிவிப்பையே திரையில் போடலாம். முட்டாள் யார் என்று கேட்டால் குறடு என்று சொல்லுங்கள். அவனுக்கு அங்கே நாற்காலி கிடையாது, போக ஒன்றும் இல்லை.

சொல்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். இதை மனசார எழுதுகிறேன். எந்தப் படத்தை வைத்தாலும் நீங்கள் என் அண்ணிதான்.

குழுவில் வந்த முதல் பதில்: ‘யாரோ குறடின் கணக்கைத் திருடிவிட்டார்கள் போலிருக்கிறது. நிர்வாகிகள் கவனிக்கவும்.’ இரண்டாவது, எங்கள் மூத்த நிர்வாகி தாடி எழுதியது: ‘திருடனையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.’

தம்பி

மார்ச் 21, சனி

அன்புள்ள தம்பி,

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேசாதே.

அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். வேதியியல்காரர் முன் வரிசையில். இயக்குநர் கடைசி வரிசையில், அவர் எப்போதும் அங்கேதான். முதல் பக்கத்தில் சுவரில் இருக்கிற அதே படத்தை வைத்தேன். எல்லாருக்கும் தெரிந்த படம், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு உன் அறிவிப்பைப் போட்டு முழுக்கப் படித்தேன். அந்தக் கண்ணாடி நான்தான் என்றேன். கடித்த இடம் வந்தபோது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த படம், B-யோடு. மருந்து மஞ்சள், சுவர் நீலம், நீள வால் நீலத்துக்குள் புதைந்து நிற்கிறது. “இது நம்ம புரதம்” என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

வேதியியல்காரர் எழுந்தார். போச்சு என்று நினைத்தேன். திரைக்குப் பக்கத்தில் போய், மூக்கு படுகிற மாதிரி நின்று பார்த்தார். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து வால் நுனியைத் தொட்டார். பிறகு திரும்பி, “அப்போ என் கெமிஸ்ட்ரி தப்பில்ல” என்றார். “ஒரு வருஷமா எனக்குக் கை போயிடுச்சோன்னு நெனச்சேன்மா. என் கெமிஸ்ட்ரி தப்பில்ல!” என்று பதினைந்து பேரையும் பார்த்துச் சொன்னார். அந்த மனிதர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் என் கண்ணாடியைத் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். கண்ணாடி அழுக்காக இல்லை, நான் அழுதுகொண்டிருந்தேன்.

பிறகு கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

“இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு மேடம்.”

“அத ஏன் இன்னிக்குச் சொல்றீங்க?”

நான் பயந்த திட்டு ஒன்று, கிடைத்த திட்டு வேறொன்று. ஏன் சொன்னாய் என்று கேட்பார் என்று நினைத்து நான் செத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏன் தாமதம் என்று கேட்கிறார்! “ஒரு வாரத்துல இவரு இன்னும் ரெண்டு மருந்து பண்ணிட்டாரு. பொருள் வீண், உழைப்பு வீண். தெரிஞ்ச அன்னிக்கே கதவத் தட்டணும், புரியுதா? அடுத்த வாரத்துலேருந்து வேதியியல் கூட்டத்துக்கும் நீங்க வரணும். நான் அனுப்புன அறிக்கைக்குத் திருத்தம் எழுதணும், அதுக்குப் படமும் நீங்கதான் போடணும்.” திட்டிக்கொண்டே போனார். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். மாலையில் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு வருடம்.

உன் அண்ணன் வாசலில் பூங்கொத்தோடு நின்றார். “நான் சொன்னத கேக்காததுக்கு” என்றார். பேச்சு வார்த்தை முழு வேகத்தில் திரும்பிவிட்டது. இப்போதுகூட பின்னால் நின்று, “அவன எப்போ வரான்னு கேளு” என்கிறார்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. கூட்டம் முடிந்ததும் பக்கத்து ஆய்வகத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். “அக்கா, குறடு உங்களுக்குப் பதில் போட்டாரா? அதுக்கப்புறமுமா கேள்வி கேட்டீங்க?” என்று, ஏதோ புலிக் கூண்டுக்குள் போய் வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவளும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. ஜனவரியில் கேட்டவள். யோசித்துப் பார். அவளை விரட்டாமல் இருந்திருந்தால் உன் ஏழாவது வரி ஜனவரியிலேயே மாட்டியிருக்கும். அவளுடைய புரதமும் ஜோடிதான்.

அண்ணி

மார்ச் 22, ஞாயிறு

அண்ணி,

இரண்டு வருடம் என்று படித்ததும் கத்திவிட்டேன். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அதே கரண்டியால் என் தோளில் ஒன்று போட்டார், சந்தோஷத்தில். இயக்குநரை எனக்குப் பிடித்திருக்கிறது. என்னைப் போலவே பேசுகிறார், ஆனால் அவர் பேசினாலும் ஆட்கள் ஓடாமல் நிற்கிறார்கள். அது எப்படி என்று கவனித்துச் சொல்லுங்கள்.

அந்தப் பெண் விஷயம் நேற்றிலிருந்து மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் பேசாமல் இருப்பது அவர்கள் இஷ்டம் என்று எழுதியிருந்தேன். இல்லை. கேள்வி கேட்கத் தெரியாமல் வருகிறவர்தான் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகிற வரியில் தடுக்கி விழுகிறார். விழுந்தவரிடம் ‘பார்த்து நடக்கத் தெரியாதா’ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். குழுவில் இதுவரை ஆறு பேர், தங்கள் படமும் அரைகுறை என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சரி. இனி செய்யப் போவது:

1. இன்றே ஏழாவது வரியை மாற்றுகிறேன். ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் நின்று, ‘இந்தப் புரதம் தனியாளா, ஜோடியா?’ என்று கேட்கும். பதில் சொல்லாமல் நகராது.

2. விக்கியில் நான் போட்ட மற்ற ஸ்கிரிப்ட்டுகளையும் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கிறேன். ஆரம்பித்துவிட்டேன். ஒன்றில் என் சொந்தக் கணினியின் கோப்புறைப் பெயரே இருக்கிறது. வேறு யார் கணினியிலும் அது ஓடியிருக்கவே முடியாது. யாரும் சொல்லவில்லை.

3. எட்டுப் பேருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன். ஒரே கடிதத்தை நகலெடுத்து ஒட்ட மாட்டேன். உங்கள் பக்கத்து ஆய்வகத்துப் பெண்ணுக்கு முதலில். பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. விக்கியில் புதிதாக வருபவர்களுக்கு ஒரு பக்கம் தொடங்குகிறோம். எழுதப் போவது நீங்கள். தாடி சம்மதித்துவிட்டார், உங்களைக் கேட்காமல் நான் சொல்லிவிட்டேன். முதல் மாதம் அந்தப் பக்கத்தில் நான் பதில் எழுதுவதில்லை. கை அரித்தால் படியிறங்கித் தெருவை ஒரு சுற்று சுற்றி வருவேன்.

5. அண்ணனுக்குச் சொல்லுங்கள், அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வருகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

6. உங்கள் கோப்பை மறுபடி திறந்து பார்த்தேன். A-யும் B-யும் சேரும் இடத்தில், இடது பக்கம், ஒரு குறுகலான சந்து தெரிகிறது. வேதியியல்காரர் வாலை நேராக நீட்டாமல் அந்தப் பக்கம் திருப்பினால் நுழையுமா என்று பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். பத்து வரிக்குள் வரும். முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன். ஒவ்வொரு வரியாக ஓட்டுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள், எங்கே வாய் வரவில்லையோ அந்த வரியை எனக்கு எழுதுங்கள். நீங்கள் சரி என்று சொல்லும்வரை அதை வேறு யாருக்கும் காட்ட மாட்டேன்.

தம்பி